விஜயதசமி காலையில நான் திறக்காத வாய்

போன வாரம் ஆபீஸ் பக்கம் வந்தப்ப எனக்கப்புறம் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நீங்க நாலு பேரும் சர்வர் ரூம்ல நின்னுக்கினு சிரிச்சீங்க. அலமாரிக் கதவுல என் கையெழுத்துல ஒரு காகிதம் ஒட்டியிருக்குது இல்ல, "மொதல்ல சர்வர். அது எழுந்து உக்காந்த பிறகுதான் மத்ததெல்லாம். பூஜையா இருந்தாலும் சரி"ன்னு, அதைப் பாத்துதான் சிரிச்சீங்க. "இன்னாக்கா, சர்வருக்கும் நல்ல நேரம் பாக்கணுமா?"ன்னு உங்கள்ல ஒருத்தர் கேட்டாரு. யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அன்னைக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு பதில் சொல்லாம ஓடிட்டேன். இப்ப செவிலிமேட்டுல வீட்டுல உக்காந்துக்கினு நிதானமா எழுதறேன். சிரிக்கறதா இருந்தா முழுசாப் படிச்சுட்டுச் சிரிங்கபா.

என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. ரிட்டயர் ஆகற வரைக்கும் தினம் காலையில மாடிப்படி ஏறி, சர்வர்ல லைட்டு பச்சையா எரியுதான்னு பாத்த பிறகுதான் செருப்பைக் கழட்டுவேன். முதலாளி செருமினாலே செய்யற வேலையை விட்டுட்டு எழுந்து நின்னுடுவேன். இதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல, பயப்படறவங்கதான் இந்த வேலைக்கு லாயக்கு. ஆனா அந்தப் பயத்துல ஒரு நாள் பேச வேண்டிய நேரத்துல வாயை மூடிக்கினேன். அதனால இன்னொருத்தியோட பேரு கெட்டுப் போகப் பாத்துச்சு. அதைத்தான் எழுதப் போறேன்.

நம்ம பட்டுக் கடையில கணக்கு, பில்லு எல்லாம் விண்டோஸ். மேல டிசைன் ரூம்ல இருக்கற மெஷினெல்லாம் லினக்ஸ், ஏன்னா தறியில பூ வேலை நெய்யற ஜக்கார்டுக்குப் படம் போடற சாஃப்ட்வேர் அதுலதான் ஓடும். ஆனா ஃபைல் எல்லாம் ஒரே எடத்துல இருக்கணும்னு விண்டோஸ் சர்வர்லதான் வைக்கறோம். அதுக்காக ஒவ்வொரு லினக்ஸ் மெஷின்லயும் ஒரு காலி ஃபோல்டர் செஞ்சு, அதுமேல சர்வரோட ஷேரை, அதாவது அங்க பொதுவா தெறந்து விட்ட ஃபோல்டரை, மாட்டி விடறோம். மவுண்ட் பண்றதுன்னு சொல்றோமே, அதுதான். தரையில பாய் கெடக்குது, அதுமேல ஜமக்காளத்தை விரிக்கற மாதிரி. விரிச்சா ஜமக்காளம்தான் கண்ணுக்குத் தெரியும். விரிக்கலைன்னா பாய் தெரியும். கம்ப்யூட்டர்ல என்ன கஷ்டம்னா, ரெண்டுக்கும் பேரு ஒண்ணு, எடம் ஒண்ணு. உக்காந்து வேலை செய்யறவங்களுக்கு எதுமேல உக்காந்திருக்கோம்னே தெரியாது.

இப்ப டிசைன் ரூமுக்கு ஹெட்டா இருக்காளே தேவகி, அவ அப்ப சேந்து ரெண்டு வருஷம்தான் இருக்கும். தென்னேரியிலேர்ந்து வாலாஜாபாத் வந்து பஸ் மாறி வருவா. அதிகமா பேச மாட்டா. ஒரு கல்யாண வீட்டுக்காரங்க, பொண்ணு கட்டற புடவை மாதிரி ஊர்ல வேற யாருகிட்டயும் இருக்கக் கூடாதுன்னு கேட்டிருந்தாங்க. அந்தப் புடவையோட முந்திக்கு டிசைன் போடற வேலையை முதலாளி தேவகிகிட்ட குடுத்தாரு. அவங்க ஊரு ஏரியில நாரை நிக்கும் பாத்திருக்கீங்களா, அதைப் போடறேன்னு அவ சொன்னா. மயிலும் அன்னமும் பாத்துப் பாத்துச் சலிச்சவரு, குஷியாயிட்டாரு. என்னைக் கூப்பிட்டு, "இந்த ஃபைல் என் கண்ணுக்கும் அவ கண்ணுக்கும் மட்டும்தான் தெரியணும், வெளியில போச்சுன்னா தொலைஞ்சோம்"னாரு. நான் சர்வர்ல புதுசா ஒரு ஷேர் செஞ்சு, டிசைன் ரூம்ல அவ மெஷின்ல மட்டும் மாட்டிக் குடுத்தேன், கீழ முதலாளி கம்ப்யூட்டர்லயும் தெரியற மாதிரி செஞ்சேன். ஆயுத பூஜைக்கு மொத நாள் இது.

அப்பவே ஒரு சோம்பேறித்தனம் பண்ணேன், குறிச்சுக்குங்க. அடியில இருக்கற அந்தக் காலி ஃபோல்டர்ல யாராலயும் எழுத முடியாத மாதிரி பூட்டி வைக்கணும். பூட்டியிருந்தா, ஷேர் மாட்டாத நாள்ல சேவ் பண்ணப் போனா மெஷினே "முடியாது"ன்னு கத்தும். ஒரு வரி அடிக்கற வேலை. வீட்டுக்குப் போயி பொரியும் சுண்டலும் ரெடி பண்ணணும்னு அவசரம், விட்டுட்டேன்.

பூஜை அன்னைக்கு நம்ம ஊர்ல தறி, நாடா, தராசு, கத்தரிக்கோல் எல்லாம் சாமிதான். சர்வரையும் மத்த மெஷினுங்களையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வச்சு, சாமந்தி மாலை போட்டோம். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்துல புதுசா ஒரு வேலையைத் தொடங்கணும். "தேவகி நாரையைத் தொடங்கட்டும், அவ மெஷினை மொதல்ல போடுங்க"ன்னாரு முதலாளி. ஐயரு கற்பூரத் தட்டோட நிக்கறாரு, கடை ஆளுங்க பூரா சுத்தி நிக்கறாங்க. சர்வர் இன்னும் மாலையோட அணைஞ்சு கெடக்குது. இப்ப அவ மெஷினைப் போட்டா ஷேர் மாட்டாதுன்னு எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும். "ஒரு நிமிஷம் சார், சர்வர் மொதல்ல"ன்னு சொல்ல வாயெடுத்தேன். நல்ல காரியத்துல தடை சொன்னா முதலாளி முகம் எப்படி மாறும்னு நெனச்சேன், மூடிக்கினேன். அப்புறமா போயி மாட்டி விட்டுக்கலாம்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன். அவ மெஷின் எழுந்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. அரைமணி கழிச்சு சர்வரைப் போட்டோம், அதுக்கப்புறம் மத்த மெஷினுங்க. சுண்டல் சாப்பிட்டேன். மறந்தே போயிட்டேன்.

தேவகி மேல தப்பே கிடையாது. அவளுக்குக் குடுத்தது புது ஷேர், அது காலியாத்தானே இருக்கணும்? தெறந்து பாத்தா, காலியா இருந்துச்சு. அது அடியில இருக்கற பாய்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? உக்காந்து வரைய ஆரம்பிச்சா. பதினோரு நாள் வரைஞ்சா. மெஷினை அவ நிறுத்தறதே இல்ல, ஸ்கிரீனை மட்டும் அணைச்சுட்டுப் போவா. நானும் தினம் பேக்கப் ரிப்போர்ட் பாத்தேன், அந்த ஷேருக்கு நேரா பதினோரு நாளும் பச்சை டிக். ஒண்ணுமே இல்லாத ஃபோல்டரைப் பத்திரமா பேக்கப் எடுத்து வச்சுக்கினு இருந்திருக்குது சனியன்.

பன்னண்டாவது நாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கல்யாண வீட்டுக்காரங்க முந்தியைப் பாக்க வர்றாங்க. காலையில கரண்ட் போச்சு. சர்வர் பெரிய யூபிஎஸ்ல அசையாம இருந்துச்சு. தேவகி மெஷினோட சின்ன யூபிஎஸ் பாட்டரி செத்துக் கெடந்ததால அது அணைஞ்சு, கரண்ட் வந்ததும் தானா எழுந்துச்சு. இந்த வாட்டி சர்வர் தயாரா இருந்துச்சா, ஷேர் ஒழுங்கா மாட்டிக்கிச்சு. ஜமக்காளம் விரிஞ்சிடுச்சு. பதினோரு நாள் வேலை அத்தனையும் அதுக்கு அடியில போயிடுச்சு. இது அப்ப எங்க யாருக்கும் தெரியாது.

பத்தரை மணிக்குத்தான் முதலாளி மொதல் தடவையா அந்த ஷேரைத் தெறந்து பாத்தாரு போல, கீழேர்ந்து அவரு கத்தறது கேட்டுச்சு. நான் ஓடினேன்.

"இன்னாம்மா இது? ஷேரைத் தெறந்தா ஒண்ணும் இல்ல!"

தேவகியும் அதே நேரம் மேல தெறந்து பாத்துட்டு, வெளுத்த முகத்தோட இறங்கி வந்தா. "அக்கா, நாரை இல்லக்கா. ஒண்ணுமே இல்லக்கா."

நான் சர்வர்ல தேடினேன். அழிச்ச ஃபைல் இருக்கற எடத்துல தேடினேன். பேக்கப்ல தேடினேன். அவ மெஷினை மூலை முடுக்கு விடாம தேடினேன். சர்வர் பதிவுகளைப் பாத்துட்டு, யோசிக்காம, அத்தனை பேரு முன்னாடி உளறினேன். "சார், அழிஞ்ச மாதிரி தெரியலை சார். இந்த ஷேருக்கு ஒரு ஃபைல்கூட வந்ததே இல்ல."

அந்த ஒரு வாக்கியம் போதும். முதலாளி திரும்பி தேவகியைப் பாத்தாரு.

"வந்ததே இல்லையாம். அப்ப பதினோரு நாளா எதுலம்மா வரைஞ்ச? பென்டிரைவ்லயா?"

"இல்ல சார், இதுலதான் சார். சாஃப்ட்வேர்ல கடைசியா தெறந்த ஃபைலு பேரு இருக்குது, வந்து பாருங்க சார்."

"பேரு இருக்குது, ஃபைலு எங்க? உன் கொழுந்தன் எந்தப் போட்டிக் கடையில பேக்கிங்ல இருக்கான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

கீழ ஒரு பத்துப் பேரு இருந்திருப்பாங்க. புடவை மடிக்கறவங்க மடிக்கறதை நிறுத்திட்டாங்க. நம்ம ஊர் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். தறி போடறவன், சாயம் போடறவன், டீக்கடைக்காரன் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். டிசைனை வித்துட்டான்னு ஒரு பேரு வந்துச்சுன்னா, மத்தியானத்துக்குள்ள ஊரு பூரா போயிடும். அப்புறம் எந்தக் கடையும் அவளை மாடிப்படி ஏற விடாது. வரையறதைத் தவிர அவளுக்கு வேற வேலையும் தெரியாது.

மேனேஜரு அவ பையைக் கொட்டிப் பாத்தாரு. டிபன் பாக்ஸ், பஸ் பாஸ், ஒரு சீப்பு. அவளை சர்வர் ரூமுக்கு வெளியில இருக்கற பெஞ்சுல உக்கார வச்சாங்க. முதலாளி அவ காதுல விழற மாதிரியே என்கிட்ட சொன்னாரு. "அவ மெஷின்ல என்னென்ன போட்டு வச்சிருக்காளோ, எங்கெங்க அனுப்பறாளோ. பென்டிரைவைப் போட்டு அதைச் சுத்தமா அழிச்சுட்டு புதுசா ஏத்து. இப்பவே."

மெஷினைக் கழட்டி சர்வர் ரூமுக்குக் கொண்டாந்து மேசை மேல வச்சேன். சிவப்பு நாடா கட்டின இன்ஸ்டால் பென்டிரைவைக் கையில எடுத்தேன். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்துச்சு. கை நடுங்கின நடுக்கத்துல அந்த ஓட்டையில பென்டிரைவ் போகலை. ரெண்டு வாட்டி சொருகிப் பாத்தேன், போகலை.

அப்பதான் எனக்கு இந்த வேலையைக் கத்துக்குடுத்தவரு ஞாபகம் வந்தாரு. வாலாஜாபாத்ல ரைஸ் மில்லுங்களுக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்தவரு. பேரை எழுதினா அவருக்குப் பிடிக்காது. அவரு அடிக்கடி சொல்லுவாரு: "கை நடுங்குதுன்னா கீபோர்டைத் தொடாத. நடந்ததை வரிசையா பேப்பர்ல எழுது. எந்த வரியை எழுத உனக்குப் பிடிக்கலையோ, அங்க போயி தேடு." பில்லு பின்பக்கத்துல எழுத ஆரம்பிச்சேன். ஷேர் செஞ்சேன். மாட்டினேன். பூஜை. எல்லாத்தையும் நிறுத்தினோம். விஜயதசமி. நல்ல நேரம். அவ மெஷினை மொதல்ல...

பேனா அங்கேயே நின்னுடுச்சு.

ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்றது? ஃபைல் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. என் முன்னாடி இருக்கற இதே மெஷின்ல, ஷேருக்கு அடியில. உலகத்துல அது ஒண்ணுதான் காப்பி. இந்த பென்டிரைவ் ரெண்டு தரம் உள்ள போகாம அடம் பிடிக்கலைன்னா, நானே அதை அழிச்சிருப்பேன்.

அடுத்து வந்த நெனப்பைத்தான் உங்ககிட்ட சொல்லணும். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னது இல்ல. அழிச்சா யாருக்கும் தெரியாதுன்னு தோணுச்சு. அழிக்கச் சொன்னது முதலாளி, அவரு சொன்ன வேலையை நான் செஞ்சேன், அவ்வளவுதான். மாட்டாம விட்டவ யாரு, பூட்டாம விட்டவ யாரு, பதினோரு நாள் பச்சை டிக்கைப் பாத்துக்கினு டீ குடிச்சவ யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் சில வருஷம் இருக்குது. இந்த வயசுல என்னை வெளியில அனுப்பிட்டா எவன் வேலை தருவான்? பென்டிரைவைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கினு அப்படியே உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. கையில நாடா அச்சு விழற வரைக்கும் உக்காந்திருந்தேன். கெட்டவங்கதான் கெட்டது செய்வாங்கன்னு நெனச்சுக்கினு இருந்தவ நான். அன்னைக்கு என்னைப் பாத்து எனக்கே பயமாயிடுச்சு.

அப்புறம் ஏன் பென்டிரைவைக் கீழ வச்சேன்னு கேட்டீங்கன்னா, பெரிய காரணம் எல்லாம் இல்லபா. வெளியில அவ இருமினா. அந்தச் சத்தம் கேட்டுச்சு, வச்சிட்டேன்.

மெஷினைப் போட்டேன். ஷேரைக் கழட்டினேன். அதே பேரு, அதே எடம், தெறந்தேன். ஒரு ஃபோல்டர் இருந்துச்சு, உள்ள பதினோரு ஃபைல். கடைசி ஃபைலைத் தெறந்தா, முந்தி பூரா நாரை. ஒரு கால்ல நிக்கறது, குனியறது, இறக்கையை விரிக்கறது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. அழுதுட்டேன்.

சர்வருக்கு ஒரு காப்பி, தனியா இன்னொரு காப்பி எடுத்த பிறகுதான் எழுந்தேன். இதையும் குறிச்சுக்குங்க, சந்தோஷத்துல ஓடாதீங்க, மொதல்ல காப்பி எடுங்க. கீழ போனேன். அங்கயும் என் புத்தி போகலை பாருங்க. "கெடச்சிடுச்சு சார்"னு மட்டும்தான் சொன்னேன்.

முதலாளி நாற்காலியில சாஞ்சாரு. "கெடச்சிடுச்சா? பாத்தியா, பையைக் கொட்டினதும் பயந்து திருப்பி வச்சிட்டா."

ஃபைல் வந்தா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேனே! அவ பேரு இன்னும் அங்கேயேதான் கெடக்குது. பாதி உண்மையைச் சொல்லி அவளை இன்னும் ஆழமா தள்ளிட்டேன். மடிக்கறவங்க எல்லாம் என்னையே பாத்துக்கினு இருக்காங்க. விஜயதசமி அன்னைக்கு சுத்தி நின்ன அதே ஆளுங்க.

"அவ எங்கேயும் எடுத்துட்டுப் போகலை சார். திருப்பியும் வைக்கலை. சர்வர் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி அவ மெஷினைப் போட்டா ஷேர் மாட்டாதுன்னு விஜயதசமி அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லாம விட்டேன். அப்புறம் மாட்டி விடவும் மறந்துட்டேன். அவ வரைஞ்சது அவ மெஷினுக்குள்ளயே இருந்துச்சு. தப்பு என்னுது சார். முழுக்க என்னுது."

குரல் எனக்கே கேக்காத மாதிரி வந்துச்சு. "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா"ன்னாரு முதலாளி. இன்னொரு வாட்டி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். ரெண்டாவது தரம் சொல்றதுதான் ரொம்பக் கஷ்டம்.

அவரு என்னை வேலையை விட்டு அனுப்பலை, ஏன்னு இன்னைக்கும் தெரியாது. எழுந்து மாடி ஏறினாரு, நானும் பின்னாடியே போனேன். பெஞ்சுகிட்ட நின்னு, "வாம்மா, நாலு மணிக்கு ஆளுங்க வர்றாங்க, உன் நாரையை நீயே காட்டு"ன்னாரு. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அவரு வாயிலேர்ந்து வரலை. தேவகி கொட்டின சாமானைப் பைக்குள்ள ஒவ்வொண்ணா எடுத்து வச்சா. சீப்பைத் தொடைச்சு வச்சா. அப்புறம்தான் எழுந்தா. மறுநாள் அலமாரிக் கதவுல அந்தக் காகிதத்தை ஒட்டினேன்.

பூட்டி வைக்கறது, பச்சை டிக்கை நம்பாம உள்ள எத்தனை ஃபைல் இருக்குதுன்னு எண்ணறது, இதெல்லாம் ஒரு வாரத்துல கத்துக்குவீங்க. கற்பூரத் தட்டுக்கு முன்னாடி வாயைத் திறக்கறதுதான் வராது. அதைச் சின்ன விஷயத்துலேர்ந்தே பழகிக்குங்க.

இதை உங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, தேவகி வீட்டுக்கு வந்தப்ப அவகிட்ட படிக்கக் குடுத்தேன். பென்டிரைவ் பத்தின எடம் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன். அவளுக்கு அது தெரியாது, இத்தனை வருஷமா "அன்னைக்கு நீங்கதான்கா என்னைக் காப்பாத்துனீங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கா. படிச்சு முடிச்சுட்டு காகிதத்தை மடிச்சு என் கையில குடுத்தா.

"எனக்குத் தெரியும்கா."

"எது தெரியும்?"

"கண்ணாடிக் கதவுதானே? உள்ள நடந்ததை எல்லாம் பாத்துக்கினுதான் இருந்தேன். பேப்பர்ல எழுதுனீங்க, எழுதறதை நிறுத்துனீங்க. அப்புறமும் ரொம்ப நேரம் அந்தச் சிவப்பு நாடாவைக் கையில வச்சுக்கினே இருந்தீங்க. தப்பு உங்களுதுன்னு நீங்க கீழ சொன்னதா மடிக்கறவங்க வந்து சொன்னப்ப எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் மறுநாள் எப்படிடி வேலைக்கு வந்த?"

"நீங்க அந்த நாடாவைக் கீழ வச்சதையும்தான் பாத்தேனே. அதனாலதான் வந்தேன்"னா. பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கினா, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு அவளுக்கு. வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தா. "ஒவ்வொரு விஜயதசமிக்கும் நீங்களா வந்து இதைச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்கா. ஏழு வருஷம் ஆச்சு."